அக்கா வீட்டுக் கூறு

என் தம்பி முனிவேலைத் திருடன் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயைக் கிழித்துவிடுவேன். அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. போன ஆவணி மாதம் முழுக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் முனியப்பனை விட்டால் பேர் வைக்கத் தெரியாது. நான் முனிலட்சுமி, அவன் முனிவேல். அப்பா நாங்கள் சிறுசுகளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்தார். அம்மா இருளாயியும் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். ஓசூரில் ஊத்தங்கரைப் பையன்கள் மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கி, சிப்காட்டில் வண்டிகளுக்கு கிளட்ச் கேபிள் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாழ்க்கைப்பட்ட ஊரும், நாங்கள் பிறந்த ஊரைப் போலவே, காட்டோரம். தளியில் இறங்கி மினி பஸ் பிடித்தால் கடைசி நிறுத்தம்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் கறி எடுத்தால், கட்டிக்கொடுத்த மகளுக்குத்தான் முதல் கூறு. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பச்சைக் கறியைப் பிரித்து, எவர்சில்வர் தூக்கில் போட்டு, மகன் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். தூக்கின் கழுத்தில் ‘மு. இருளாயி’ என்று புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அம்மா போன பிறகும் முனிவேல் அந்தச் சட்டத்தை விடவில்லை. அறைப் பையன்களோடு சேர்ந்து அரைக் கிலோ கோழி எடுத்தால்கூட, அக்கா வீட்டுக் கூறு என்று இரண்டு துண்டை அந்தத் தூக்கில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்துவிடுவான். என் பங்குக்கு நானும் தூக்கை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டேன். அவரைக்காய், ராகி மாவு, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரை. பாத்திரம் வெறுமனே திரும்பிப் போனால் உறவும் வெறுமனே போகும் என்று அம்மா பயமுறுத்தி வைத்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் பேர் திம்மராயன். வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். பேர் பெரிசாக இருக்கிறதே தவிர வேலை தற்காலிகம்தான். அவரும் என் தம்பியும் பர்மனென்ட் ஆகவேண்டும் என்று முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் இந்தக் குடும்பத்தில் பர்மனென்டாக இருப்பது என் வாய் ஒன்றுதான் என்று அவர் கிண்டல் செய்வார். நல்ல மனுஷன். பேச்சு குறைவு. கோபம் வந்தால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும், அவருடைய அம்மா வழிப் பழக்கம். ஆனால் மனசு உடைந்தால் எந்த பாஷையும் வராது.

எங்கள் மகள் நிவேதாவுக்கு மூன்று வயது. காது குத்துவதற்கு ஆவணிக் கடைசியில் முனியப்பன் கோயிலில் நாள் பார்த்திருந்தோம். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். ஒன்றுவிட்ட மாமன், பக்கத்து வீட்டு மாமன் எல்லாம் மாமன் இல்லாதவர்களுக்கு. எங்களுக்குத்தான் முழுசாக ஒரு மாமன் இருக்கிறானே. அவன் வேறு ஒவ்வொரு தடவை வரும்போதும் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, “இப்பிடிப் புடிச்சா ஆடாது பாருக்கா” என்று ஒத்திகை பார்ப்பான். நிவேதா அந்தத் தலையணை மேல் பொறாமைப்பட்டு அதைத் தள்ளிவிட்டுத் தானே ஏறி உட்காருவாள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்கு வந்தவன் எங்கள் வாசலில் துணி உலர்த்த ஒரு கொடி கட்டிக் கொடுத்தான். கம்பெனியில் கழித்துப் போட்ட கேபிளின் உள்கம்பி. கழித்த சரக்கு என்று தெரிவதற்காக முனையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். “துரு புடிக்காதுக்கா. உன் ஆயுசுக்கும் வரும்” என்றான். என் வீட்டுக்காரருடைய காக்கிச் சட்டை அதில்தான் காயும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனிவேல் தூக்கோடு வந்தான்.

“அக்கா, கறி.”

“என்னடா, ஆடா?”

“ஆடுதான். ரூம் பசங்க சேந்து பங்கு போட்டோம்.”

வண்டியை விட்டு இறங்கவே இல்லை. எப்போதும் நிவேதாவை பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து ஊரைச் சுற்றிவிட்டு, இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்று என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவன். அன்றைக்குக் குழந்தை “மாமா, மாமா” என்று ஓடி வருவதற்குள், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்ன ஷிப்டு என்று அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூடியைத் திறந்தேன். கறி கருஞ்சிவப்பாக இருந்தது. கொழுப்பு என்று ஒரு பொட்டு இல்லை. காட்டோரத்தில் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு அது என்ன கறி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மான்.

உலகத்தில் எந்தத் திருடனாவது திருடிய பொருளில் முதல் பங்கைப் பிரித்து, அம்மா பேர் வெட்டிய பாத்திரத்தில் போட்டு, காவல்காரன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பானா? என் தம்பி கொடுத்திருக்கிறான்.

தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். தூக்கை ராகி டிரம்முக்குள் அமுக்கி மூடினேன்.

கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவர், கையிலிருந்ததைத் தரையில் போட்டார். சுருக்குப் போட்ட கம்பி. சுருக்கில் முடி ஒட்டியிருந்தது.

“ஓடைக்குப் போற வழியில கண்ணி வெச்சிருக்கானுங்க” என்றார். “நேத்து மாட்டியிருக்குது. பொட்டை. அங்கயே அறுத்துட்டுப் போயிட்டானுங்க.”

நான் கம்பியைப் பார்த்தேன். முனையில் சிவப்புப் பொட்டு.

வாசலில் கொடி இருக்கிறது. அதன் முனையிலும் சிவப்புப் பொட்டு. நடுவில் அவருடைய காக்கிச் சட்டை கையை விரித்துக்கொண்டு தொங்குகிறது. நான் ஈரப் பாவாடை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி, கொடியின் முனை மேல் போட்டு மூடிவிட்டு வந்தேன். காய்ந்த துணியை எடுக்க வேண்டிய நேரத்தில் எதற்கு ஈரத் துணி என்று அவர் கேட்கவில்லை.

களியும் கீரைக் குழம்பும் வைத்தேன். களியைப் பிட்டார், குழம்பில் தொட்டார், வாயில் வைக்கவில்லை.

“குட்டி ஒண்ணு இருக்குது” என்றார். “பால் குடிக்கிற குட்டி. அந்த எடத்துலயே நின்னுகினு இருக்குது. தொரத்தனா ரெண்டு அடி போவுது. திரும்பி அங்கயே வந்து மண்ண மோந்து பாக்குது.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இன்னும் எங்க எங்க வெச்சிருக்கானோ. ரேஞ்சர் சொல்லிட்டாரு, நாளையிலேர்ந்து மறைஞ்சி உக்காந்து பாக்கணும். கண்ணிய எடுக்க எவன் வர்றானோ அவன அமுக்கணும்.”

யாரை அமுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். மான் கேஸ் என்றால் லேசில் ஜாமீன் கிடையாது. என் புருஷன் கையாலேயே என் தம்பி ஜெயிலுக்குப் போவான். அதற்கப்புறம் இந்த வாசல்படியை அவன் மிதிப்பானா? மிதித்தால் இவர்தான் அவன் முகத்தைப் பார்ப்பாரா? நிவேதா யார் மடியில் உட்காருவாள்? ஒரு தூக்குக் கறியில் எனக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்து முழுகப்போகிறது.

அவர் வெளியே போனதும் வீட்டுக்குப் பின்னால் ரோஜாப் பாத்தியில் குழி தோண்டி, கறியை அப்படியே புதைத்தேன். அந்தத் தாயை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். தம்பியை நினைத்துக் கொஞ்சம் திட்டினேன். பிறகு தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

மறுநாள் காலையில் அவர் காட்டுக்குப் போனதும், கொடியை அவிழ்த்தேன். துணிகளை வேலி மேல் போட்டேன். கம்பியைச் சுருட்டித் தூக்கில் வைத்து மூடி, நிவேதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் தூக்கைப் பார்த்துவிட்டு, “ஏனம்மா, ஊட்டாவா?” என்று கேட்டான். ஆமாம், தம்பிக்குச் சாப்பாடு என்றேன்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்பினேன். நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக முனிவேல் ஓடி வந்தான். குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, என் முகத்தைப் பார்த்ததும் அணைந்தது. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நிவேதா என் இடுப்பிலிருந்து வழுக்கி அவன் மடிக்குப் போய்விட்டாள்.

“வெறுந்தூக்கு குடுக்கக் கூடாதுல்ல. இந்தா” என்று நீட்டினேன்.

மூடியைத் திறந்து பார்த்தான். ரொம்ப நேரம் மூடவில்லை.

“மாமாவுக்குத் தெரிஞ்சிருச்சாக்கா?”

“தெரியாது. நானா சொல்லல. ஏன்டா இப்பிடிப் பண்ண? நாங்க உனக்கு என்னடா கொற வெச்சோம்?”

“சூப்பர்வைசர் கேட்டாருக்கா. ‘காட்டுப் பக்கத்துக்காரன்தான நீ, ஒரு நாளாச்சும் மான்கறி கண்ணுல காட்டுடா’ன்னு பாக்கறப்பல்லாம் கேப்பாரு. பர்மனென்ட்டுக்குப் பேரு சொல்றது அவருதான். வருசம் மூணாச்சுக்கா. எனக்குப் பின்னாடி வந்தவன்லாம் உள்ள போயிட்டான்.”

“சரி, அந்த ஆளுக்குக் குடுத்த. எனக்கு எதுக்குடா கொண்டாந்த? அதுவும் அந்த வீட்டுக்கு? கொஞ்சமாச்சும் மூள இருக்குதா உனக்கு?”

நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டதைப் போல என்னைப் பார்த்தான்.

“உனக்குக் குடுக்காம நான் எப்பிடிக்கா சாப்புடறது?”

எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. பொது இடம் என்பதால் அறைந்தேன். நிவேதா விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தாள்.

“பால் குடிக்கிற குட்டியாம்” என்றேன். “அம்மா செத்த எடத்துலயே நின்னுகினு மண்ண மோந்து பாக்குதாம். உங்க மாமா ரெண்டு நாளா சோறு எறங்காம கெடக்கறாரு.”

அவன் தலை தொங்கிவிட்டது.

“அறுக்கறப்ப பாலு வந்துச்சுக்கா” என்றான். “எனக்குத் தெரியாது. மாட்னது பொட்டையின்னே கிட்ட போயிதான் பாத்தன். உனக்குக் குடுத்துட்டு ரூமுக்குப் போனன். பசங்க ஆக்குனானுங்க. நான் ஒரு துண்டு வாயில வெக்கல. வெச்சா அம்மா மூஞ்சிதான் வருது.”

எங்கள் அம்மா எங்களைப் பால்குடியில் விட்டுவிட்டுப் போனவள் இல்லை. கூலிக்குப் போய், ராகி அறுத்து, பீன்ஸ் பறித்து, இரண்டு பேரையும் ஆளாக்கிவிட்டுத்தான் போனாள். அதனால்தான் அவனுக்கு அவள் முகம் வந்திருக்கும். எனக்கும் அந்த நேரம் அவள் முகம்தான் வந்தது.

“இன்னும் எத்தன கண்ணிடா இருக்குது?”

“பையில இருந்தது எல்லாத்தையும் வெச்சன்க்கா. எங்கன்னு சரியா நெனப்பில்ல. புதரு எல்லாம் ஒரே மாதிரி இருக்குது.”

கம்பெனிக்காரனாகிவிட்டான், காடு மறந்துவிட்டது. எடுக்கப் போனால் மாமா பிடிப்பார். எடுக்காமல் விட்டால் இன்னொரு தாய் மாட்டும். நான் எழுந்து நின்றேன்.

“நல்லாக் கேட்டுக்க. இந்தத் தூக்கு இனிமே எங்க வீட்டுக்கு வந்தா, நீ வெச்ச கம்பி மொத்தமும் இதுல இருக்கணும். எப்பிடி எடுக்கறதுன்னு உங்க மாமாவையே கேளு. அது வரைக்கும் என் பொண்ணு உன் மடியில உக்கார மாட்டா.”

வீராப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றால், நிவேதா அவன் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். வேலி மேல் கிடந்த சட்டையைப் பார்த்தார். வாசலில் இரண்டு பக்கமும் வெறும் கம்பம் நின்றதைப் பார்த்தார்.

“கொடி எங்க?”

“அவுத்துட்டன்.”

ஏன் என்று கேட்பார், சொல்லிவிடலாம் என்று நின்றேன். கேட்கவில்லை. தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. நிவேதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார். தினமும் தன் சட்டை தொங்குகிற கம்பி அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஓடைக்கரையில் அதைக் கையில் எடுத்தபோதே தெரிந்திருக்கும். நான் வாய் திறக்கட்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறார். ஊரில் எல்லா விஷயத்துக்கும் திறக்கிற என் வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. முனிவேல் வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். கையில் தூக்கு. அதை என்னிடம் நீட்டவில்லை, அவரிடம் நீட்டினான்.

“மாமா, நான்தான் வெச்சன்.”

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே எங்கள் வீட்டுக் கொடிக்கம்பி மட்டும் கிடந்தது.

“மீதி எங்கன்னு எனக்கே சரியாத் தெரியல மாமா. நீங்களும் வந்தீங்கன்னா எடுத்துறலாம். அப்பறம் நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க.”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். “நடியோ முந்தே, கத்தே!” என்று கத்தினார். முன்னால் நடடா, கழுதை என்று அர்த்தம். எனக்கு உயிர் வந்தது. கன்னடம் வந்துவிட்டது என்றால் கோபம் வந்துவிட்டது. கோபப்படுகிற மனுஷன் உறவை அறுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகக் காட்டுக்குள் போனார்கள். நான் அவரைக்காய்க் குழம்பு வைத்தேன், களி கிண்டினேன், வாசலைப் பார்த்தேன். களி ஆறியது. மத்தியானம் தாண்டித்தான் வந்தார்கள். தம்பியின் கை இரண்டும் முள் கிழித்து ரத்தம் கோத்திருந்தது. தூக்கு நிறையக் கம்பி. மூடி உட்காரவில்லை, மேலே செருகி வைத்திருந்தான்.

“எல்லாம் கெடைச்சதா?”

“கெடைச்சது” என்றார் அவர். “வேற எதுலயும் ஒண்ணும் மாட்டல.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அந்த எடத்துக்கும் போனோம்” என்றார். “குட்டி இன்னும் அங்கதான் நின்னுச்சு. எங்களப் பாத்துச்சு. ஓடல. உன் தம்பி அப்பிடியே மண்ணுல உக்காந்துட்டான். எந்திரிக்க வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.”

“இப்ப அது?”

“பின்னாடியே மெல்லத் தள்ளிகினு போயி கூட்டத்துகிட்ட உட்டுருக்கோம். சேத்துக்கிச்சின்னா பொழைக்கும்.”

முனிவேல் தண்ணீர் குடித்தான். தூக்கைக் கையிலிருந்து இறக்கவில்லை.

“அக்கா, நான் ரேஞ்சர் ஆபீசுக்குப் போறன். மாமாகிட்ட சொல்லிட்டன். சூப்பர்வைசர் பேரையும் சொல்லிருவன்.”

எனக்குத் தலையில் அடித்தது மாதிரி இருந்தது. “எதுக்குடா? கம்பிதான் எல்லாம் எடுத்தாச்சே!” நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். “என் தம்பியப் புடிச்சிக் குடுத்துத்தான் நீங்க பர்மனென்ட் ஆவணுமா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினார்.

“நான் புடிக்கல முனிலட்சுமி. அவனா வர்றான். நீ போவாதன்னு என் வாயால சொன்னா, நாளைக்கு எவன் கண்ணி வெச்சாலும் நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு புடிக்கறது?”

“மாமாவ ஒண்ணும் சொல்லாதக்கா” என்றான் தம்பி. “அவரு தலையக் குனிய வெச்சிட்டு, நாளைக்கு நான் எப்பிடி நிவிய மடியில வெக்கறது?”

“எப்படா வெக்கப்போற? உள்ள போனா எப்ப வருவியோ! ஆவணி போயிரும், அப்பறம் என் பொண்ணு யாரு மடியிலடா உக்காருவா?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நிவேதாவும் என்னைப் பார்த்து அழுதாள். தம்பி சுவரைப் பார்த்து நின்றான்.

என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார்.

“ரேஞ்சர் அஞ்சு மணி வரைக்கும் ஆபீசுல இருப்பாரு” என்றார்.

“அதுக்கு?”

“தளிக்குப் போயி ஆசாரியக் கூட்டிகினு வர்றன். கொழந்தைய எண்ண தேச்சிக் குளிக்க வெய்யி.”

இப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னேனே என்று அப்போதும் அழுகை வந்தது. அழுதுகொண்டே வெந்நீர் போட்டேன்.

கிடா இல்லை, மைக்செட் இல்லை, பந்தல் இல்லை. கறி இல்லாத காது குத்து எங்கள் வம்சத்திலேயே அதுதான் முதலாவது. வாசலில் கோலம் போட்டு மனைப்பலகையைப் போட்டேன். அதில் முனிவேல் உட்கார்ந்தான். கையில் மஞ்சள் தடவி விட்டிருந்தேன், முள் கிழித்த இடமெல்லாம் எரிந்திருக்கும். நிவேதா புதுப் பாவாடையோடு ஜம்மென்று அவன் மடியில் ஏறிக்கொண்டாள். தலையணையை வைத்து அத்தனை நாள் ஒத்திகை பார்த்தவனுக்கு, நிஜமாகப் பிடிக்கும்போது பிடி நழுவிக்கொண்டே இருந்தது. அவர் போய்ப் பின்னால் மண்டி போட்டு, அவன் கை மேல் தன் கையை வைத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். நிவேதா வீறிட்டாள். இரண்டாவது காதைக் குத்துவதற்குள் முனிவேல் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். ஆசாரி ஊசியை நிறுத்திவிட்டு, “ஏம்ப்பா, காது கொழந்தைக்குக் குத்தறதா, உனக்குக் குத்தறதா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவலும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்தேன். மாமனும் மச்சானுமாக உட்கார்ந்து ஆறிப்போன களியைத் தின்றார்கள். குழம்பில் உப்பு இல்லை என்று தம்பி சொன்னான். நான் திட்டவில்லை. அன்றைக்கு நிஜமாகவே உப்புப் போட மறந்திருந்தேன்.

நாலு மணிக்கு மேல் கிளம்பினார்கள். அவர் வண்டியை எடுத்தார், தம்பி பின்னால் உட்கார்ந்தான். கம்பி நிறைந்த தூக்கு அவன் மடியில் இருந்தது. நிவேதா சிவந்து வீங்கிய காதுகளோடு என் இடுப்பில் இருந்தபடி கையை ஆட்டினாள். மாமா எங்கே போகிறது என்று கேட்டாள். ஆபீசுக்கு என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசரையும் வனத்துறையில் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவர் பேரிலும் கேஸ் இருக்கிறது. என் தம்பி ஒரு மாதம் உள்ளே இருந்தான். பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும், முதலில் திருடா என்று திட்டிவிட்டு அப்புறம்தான் சாப்பிட்டாயா என்று கேட்பேன். இப்போது ஜாமீனில் வந்து ஓசூரில் மெக்கானிக் கடை ஒன்றில் இருக்கிறான். கேஸ் நடக்கிறது. என் வீட்டுக்காரர் இன்னும் தற்காலிகம்தான். அந்தக் குட்டியைப் பற்றிக் கேட்டால், கூட்டத்தில் எது அது என்று தெரியவில்லை, தனியாக எதுவும் நிற்கவில்லை என்கிறார்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. விளக்கு வைக்கிற நேரம் அவர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். வண்டி ஹேண்டிலில் தூக்கு தொங்கியது.

“கம்பிய எடுத்துகிட்டாங்க. தூக்கு வேணாம், கொண்டு போன்னுட்டாங்க” என்றார்.

வாங்கினேன். கனமாக இருந்தது.

“உன் தம்பி வேலதான். ஆபீசுக்கு எதுத்தாப்பல பொட்டிக்கடையில வண்டிய நிறுத்தச் சொன்னான். அக்கா வீட்டுக்கு வெறுந்தூக்கு போவக் கூடாதாம். மாமன் சீராம்.”

மூடியைத் திறந்தேன். சிவப்புச் சிவப்பாகத் தேன் மிட்டாய், கழுத்து வரைக்கும். நிவேதா அழுத கண்ணோடு இரண்டு கையையும் உள்ளே விடப் பார்த்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு, முதலில் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் தனியாக வைத்தேன்.

“யாருக்கும்மா அது?” என்றாள்.

“உங்க மாமனுக்குடி” என்றேன். “அவனுக்குக் குடுக்காம நாம எப்பிடிச் சாப்புடறது?”